மழை பெய்தால் மீன் சாவது ஏன்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய ஓடைகளில், கடலிலிருந்து திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் முட்டையிடாமலேயே மடிந்துவந்தன. 2020 இறுதியில் காரணம் வெளிவந்தது: வாகன டயர்.

டயரில் ஏன் நஞ்சு?

காற்றிலுள்ள ஓசோன் ரப்பரில் வெடிப்பு உண்டாக்கும். அதைத் தடுக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். ரப்பரை முந்திக்கொண்டு ஓசோனோடு வினைபுரியும் அது, 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. தேய்ந்த டயர்த் துகளோடு மழைநீர் அதை ஓடையில் சேர்க்கிறது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

டயர்த் துகள் ஊறிய நீரில் ஏராளமான வேதிப்பொருள்கள் உண்டு. ஆய்வாளர்கள் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மீன் பிழைக்கிறதா என்று பார்த்தார்கள். கொல்லும் பகுதியை மட்டும் மேலும் மேலும் பிரித்துக் குற்றவாளியை நெருங்கினார்கள்.

எப்படி அளக்கிறார்கள்?

லிட்டருக்குச் சுமார் 95 நானோகிராம் 6பிபிடி-குயினோன் இருந்தாலே இளம் கோஹோ மீன்களில் பாதி இறந்துவிடும். எனவே நீர் மாதிரியை உறிஞ்சுபொருள் நிரப்பிய குழாயில் செலுத்தி முதலில் செறிவாக்குகிறார்கள். கனமான அணுக்கள் கொண்ட அதே சேர்மத்தைத் தெரிந்த அளவில் முன்பே கலந்துவைப்பார்கள். அது வழியில் எவ்வளவு இழக்கப்படுகிறதோ, அதைக்கொண்டு முடிவைத் திருத்துவார்கள். பிறகு திரவ நிறப்பிரிகை பொருள்களைப் பிரிக்கும். நிறை நிறமாலைமானி மூலக்கூறின் நிறையையும் உடைந்த துண்டுகளின் நிறையையும் கொண்டு அதை அடையாளம் காணும்.

பிளாஸ்டிக், ரப்பர் ஆலைகளின் கழிவுநீருக்கும் இந்த முறை பொருந்தும். அங்கும், சேர்த்த பொருளை மட்டும் தேடினால் போதாது. அது எதுவாக மாறியது என்பதையும் தேட வேண்டும்.