சார்புப் பிழையை வற்புறுத்தித் தீர்க்கலாகாது: லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவுவோர் அறிய வேண்டியவை

ஒரு கணினிக்குள் மெய்நிகர் கணினியை இயக்க உதவும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸை உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் நிறுவ முயல்வோரில் பலர், சார்புத் தொகுப்பு கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தியைக் கண்டவுடன், அதன் முதல் வரியைக்கூடப் படிக்காமல், எங்கோ கண்ட கட்டளை ஒன்றை நிர்வாகி உரிமையுடன் இயக்கிவிடுகின்றனர். சார்பு என்பது ஒரு தொகுப்பு இயங்குவதற்குத் தேவைப்படும் வேறொரு தொகுப்பாகும். அது இல்லாதபோது நிறுவலைத் தடுப்பது இயங்குதளத்தின் குறையன்று, காப்பேயாகும்.

இத்தகைய பிழைகள் பலவும் பதிப்பு மாறாட்டத்தால் நேர்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் உபுண்டுவின் வெவ்வேறு வெளியீடுகளுக்குத் தனித்தனித் தொகுப்புகளை வழங்குகிறது. 'ஜாம்மி' எனப்படும் 22.04 வெளியீட்டில் இருப்பது லிப்விபிஎக்ஸ்7 என்னும் நிரலகம். 'நோபிள்' எனப்படும் 24.04இல் இருப்பதோ லிப்விபிஎக்ஸ்9. ஆகவே முன்னதற்கான தொகுப்பைப் பின்னதில் நிறுவினால், இல்லாத நிரலகத்தைக் கேட்டு அது நின்றுவிடும். அந்நிரலகத்தைப் பழைய வெளியீட்டிலிருந்து எடுத்துவந்து பொருத்துவோர், பாதுகாப்புத் திருத்தம் வந்துசேராத ஒரு கோப்பைத் தம் கணினியில் தாமே குடியேற்றுகின்றனர்.

தீர்வை வரிசைமுறையில் மேற்கொள்ள வேண்டும். முதலில் 'எல்எஸ்பி_ரிலீஸ் -சிஎஸ்' கட்டளையால் வெளியீட்டின் பெயரை அறிந்து, தொகுப்புகள் பெறப்படும் களஞ்சியத்தின் முகவரியிலும் அதே பெயர் உள்ளதா என ஒப்பிட வேண்டும். பதிவிறக்கிய கோப்பை 'டிபிகேஜி -ஐ' கொண்டு நிறுவலாகாது. அது சார்புகளைத் தேடிக் கொணராது. 'ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளைக்குப் பின் புள்ளியும் சாய்கோடும் இட்டுக் கோப்பின் பெயரைத் தந்தால், களஞ்சியத்தில் உள்ள சார்புகளும் சேர்ந்து வரும். பாதியில் நின்ற நிறுவலைச் சீராக்க 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' உண்டு. ஆனால் ஒப்புதல் அளிப்பதற்கு முன், நீக்கப்படவுள்ள தொகுப்புகளின் பட்டியலைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நிறுவல் முடிந்தும் மெய்நிகர் கணினி தொடங்கவில்லையெனில், கருனிக் கூறான 'விபாக்ஸ்டிஆர்வி' உருவாகாமல் போயிருக்கக்கூடும். கருனி என்பது வன்பொருளை ஆளும் இயங்குதளத்தின் மையப்பகுதி. அதன் கூறுகளைத் தொகுக்க, 'யூநேம் -ஆர்' காட்டும் பதிப்புக்கே உரிய தலைப்புக் கோப்புகள் வேண்டும். அவற்றை நிறுவியபின், ஆரக்கிள் தொகுப்புடன் வரும் 'விபாக்ஸ்கான்ஃபிக்' கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். அதுவும் தோற்றால் 'வார்' கோப்புறையின் 'லாக்' பகுதியிலுள்ள 'விபாக்ஸ்-செட்டப்' பதிவேடு காரணத்தைக் கூறும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் 'செக்யூர் பூட்' வசதி இயக்கத்தில் உள்ள கணினிகளில், கையொப்பமிடப்படாத கூறுகளைக் கருனி ஏற்காது. அத்தகைய கணினிகளில் கூறுகளில் கையொப்பமிடும் திறவுகோலை 'மோக்யூட்டில்' கருவியால் பதிவுசெய்து, மறுதொடக்கத்தின்போது தோன்றும் நீலத்திரையில் அதை உறுதிப்படுத்த வேண்டும். அத்திரையைப் படிக்காமல் கடந்துவிடுவோரின் முயற்சி வீணாகிறது.

உரிமம் குறித்த கவனக்குறைவும் கண்டிக்கத்தக்கதே. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தில் வருவதால், அலுவலகங்களும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷன் பேக் என்னும் கூடுதல் தொகுப்போ தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசமாகும். வணிக நிறுவனங்கள் அதை நிறுவுமுன் விலைக்கு உரிமம் பெற்றாக வேண்டும்.

மீண்டும் எச்சரிக்க வேண்டியது ஒன்றுண்டு. டிபிகேஜி கட்டளையின் 'ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்' என்னும் வற்புறுத்தும் விருப்பத்தேர்வு, சார்பை நிறைவுசெய்வதில்லை. பிழையை மறைத்து நிறுவலை மட்டும் முடிக்கிறது. அதன்பின் ஆப்ட் புதிய நிறுவல்களையும் மேம்படுத்தல்களையும் மறுத்துவிடுவதால், பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகின்றன. ஆகவே, பிழைச்செய்தியை முழுமையாகப் படித்து, அது பெயர் சொல்லிக் கேட்கும் தொகுப்பைத் தம் வெளியீட்டுக்குரிய களஞ்சியத்திலிருந்தே பயனர்கள் பெற வேண்டும். பொருள் விளங்காத எந்தக் கட்டளையையும் நிர்வாகி உரிமையுடன் இயக்கலாகாது.