கோட்டில் சிரிக்க வைத்த கோபுலுவும் உங்கள் வீட்டு ஸ்கேனரும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "படம் வரைய எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பதுதான். கிரிட்டா, ஜிம்ப் ஆகிய இரண்டும் இலவசம். விண்டோஸுடன் வரும் பெயிண்ட் புரோகிராமிலேயே 2023 முதல் லேயர் வசதி வந்துவிட்டது. ஆனால் இவற்றை இயக்கிப் பார்க்கும் முன், இவை எதுவும் இல்லாமல் 50 ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப் பத்திரிகைகளில் வரைந்த ஒருவரைத் தெரிந்து கொள்வது நல்லது. அவர் ஓவியர் கோபுலு.

1924ல் தஞ்சாவூரில் பிறந்த இவரது இயற்பெயர் கோபாலன். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றார். ஆனந்த விகடனில் புகழ் பெற்றிருந்த கார்ட்டூனிஸ்ட் மாலிதான் கோபாலனை 'கோபுலு' ஆக்கினார். 1941ல் விகடன் தீபாவளி மலரில் இவர் படம் வந்தது. 1945ல் விகடனில் பணியில் சேர்ந்தார். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய தில்லானா மோகனாம்பாள், சாவி எழுதிய வாஷிங்டனில் திருமணம் ஆகிய தொடர்களைப் படித்தவர்களுக்கு, அந்தப் பாத்திரங்களின் முகம் என்றால் கோபுலு போட்ட முகம்தான். ஒரு வார்த்தை கூட இல்லாமல் படத்தாலேயே சிரிக்க வைக்கும் துணுக்குகளும் இவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 1963ல் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்றார். பின்னர் 'ஆட் வேவ்' என்ற விளம்பர நிறுவனத்தை நடத்தினார். அதன் பிறகும் பல பத்திரிகைகளில் வரைந்தார். 2015ல் சென்னையில் காலமானார்.

அன்டூ இல்லாத காலம்: நாம் தவறாக ஒரு கோடு போட்டால் கண்ட்ரோல் + இசட் அழுத்துகிறோம். இந்தியன் இங்கில் வரைந்தவருக்கு அது கிடையாது. வெள்ளை வண்ணத்தால் மறைக்கலாம். அல்லது புதுத் தாள் எடுக்க வேண்டும். வரைந்த படத்தைப் போட்டோ எடுத்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தால் அரித்து 'பிளாக்' செய்வார்கள். இந்த பிளாக்கில் மை ஒட்டும் இடம் கறுப்பு, ஒட்டாத இடம் வெள்ளை. நடுவில் சாம்பல் நிறமே கிடையாது. கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால் இது 1 பிட் படம். அதனால்தான் நிழல் வேண்டிய இடத்தில் கோடுகளை நெருக்கமாகப் போட்டார்கள். பட்டுப் புடவையின் மடிப்பும், மாமியின் முகத்தில் தெரியும் கோபமும் வெறும் கறுப்புக் கோடுகளில் வந்தாக வேண்டும்.

நான் குடியிருக்கும் வேங்கிக்காலில், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் சமீபத்தில் கம்ப்யூட்டர் வாங்கினார். பக்கவாதம் வந்து அவருடைய வலது கை சரியாக இயங்கவில்லை. வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள் அவரிடம் இருக்கின்றன. தாள் பழுத்து, தொட்டால் ஓரம் உதிர்கிறது. "தம்பி, இதையும் காப்பாத்தணும், நானும் வரையணும். ரெண்டும் முடியுமா?" என்று கேட்டார். "முடியும் சார்" என்றேன். ஏனென்றால் கோபுலுவுக்கும் பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலது கை முடங்கியது. அவர் இடது கையால் வரையப் பழகிக் கொண்டார்.

முதலில் மவுஸை மாற்றினோம். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் மவுஸ் என்பதில் கிளிக் செய்திடவும். பிரைமரி மவுஸ் பட்டன் என்ற இடத்தில் 'ரைட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், இடது கை ஆள்காட்டி விரலால் கிளிக் செய்யலாம். பிறகு பைண்டு புத்தகத்தை எடுத்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் கீழ்க்கண்டவாறு செய்திடவும்.

1. பைண்டிங் இறுக்கமாக இருந்தால் ஸ்கேனரில் வைத்து அமுக்க வேண்டாம், முதுகு பிளந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், மொபைல் போனை நேர் மேலே பிடித்துப் படம் எடுத்தால் போதும்.

2. தனித் தாளாக இருந்தால் ஸ்கேனரில் 'கிரேஸ்கேல்', 600 டிபிஐ எனத் தேர்ந்தெடுக்கவும். ஒரு ஏ4 பக்கம் 4,960 x 7,016 பிக்ஸல் கொண்டதாக வரும். சுருக்காமல் வைத்தால் சுமார் 35 எம்பி.

3. பிஎன்ஜி அல்லது டிஃப் பார்மட்டில் சேமிக்கவும். ஜேபெக் வேண்டாம். அது போட்டோவுக்கு ஏற்றது; கறுப்புக் கோட்டின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போல் புள்ளிகளை உண்டாக்கும்.

4. பழுப்பு நிறத்தைப் போக்க, ஜிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் கிளிக் செய்து, வலப்பக்க முக்கோணத்தை இடப்பக்கம் மெல்ல நகர்த்தவும். தாள் வெளுக்கும், கோடு நிற்கும். மெல்லிய கோடுகள் மறையத் தொடங்கினால் நிறுத்திவிடவும்.

5. இந்த வேலையை எப்போதும் நகலில் மட்டும் செய்திடவும். ஸ்கேன் செய்த மூலப் பைலைத் தொடாமல், பென் டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதியாக வைக்கவும்.

ஒரு எச்சரிக்கை. இந்தியச் சட்டப்படி ஓவியரின் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அதாவது கோபுலுவின் படங்களுக்கு 2075 முடிய. உங்கள் வீட்டுப் புத்தகத்தை உங்களுக்காகப் பாதுகாப்பது வேறு. அந்தப் படங்களை அச்சிட்டு விற்பதோ, அனுமதியின்றி இணையத்தில் ஏற்றுவதோ வேறு.

ஆசிரியரின் புத்தகத்தில் இதுவரை 40 பக்கங்கள் முடிந்துள்ளன. மாலையில் ஒரு மணி நேரம் கிரிட்டாவில் இடது கையால் கோடு பழகுகிறார். கோடு இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. கண்ட்ரோல் + இசட் சொல்லிக் கொடுத்தேன். "அது வேண்டாம் தம்பி, நடுக்கம் குறையுதான்னு பாக்கணும்" என்று எல்லாக் கோடுகளையும் தேதி போட்டுச் சேமித்து வருகிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். பழைய பைண்டு புத்தகம் கிடைத்தால், மிகவும் உதிர்ந்து போன பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்குங்கள். மற்றவை இன்னும் கொஞ்ச காலம் தாங்கும், அது தாங்காது.