அவசர கருத்தடை மாத்திரையும் மாதவிடாயும்

அவசர கருத்தடை மாத்திரை குடித்த பின் மாதவிடாய் நாள் மாறினால் பயப்பட வேண்டாம். ஆனால், நாட்களை எண்ணி வையுங்கள்.

இலங்கையில் பொஸ்டினோர் என்ற பெயரில் இம்மாத்திரை மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள், இயன்றளவு விரைவாகக் குடிக்க வேண்டும். குடித்து 3 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் குடிக்க வேண்டும்.

இது சூல்முட்டை வெளிவருவதைப் பிற்போடுகிறது. அதனால் அடுத்த மாதவிடாய் ஒரு வாரம் வரை முந்தலாம் அல்லது பிந்தலாம். இடையில் சிறிது இரத்தம் படலாம். ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. பிற்காலத்தில் பிள்ளை பெறுவதையும் தடுக்காது.

இடம்பெயர்ந்த காலத்து மனவழுத்தத்தாலும் உடல் மெலிவாலும்கூட மாதவிடாய் தவறும். எனினும், “அலைச்சலால்தான்” என்று இருந்துவிடாதீர்கள். எதிர்பார்த்த நாளிலிருந்து 7 நாட்கள் கடந்தால் கர்ப்பமா என்று அறியச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அடிவயிற்றில் கடும் வலி இருந்தால் உடனே மாத்தளை வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மாத்திரை குடித்த பின் நடக்கும் உடலுறவுக்கு அது பாதுகாப்புத் தராது. பலாபத்வலயில் மீளக் குடியேறியதும் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் குடும்பத்தைப் பதிந்து, தொடர்ந்து பாவிக்கக்கூடிய முறையைக் கேட்டறியுங்கள்.