திக்கிப் பேசும் குழந்தை

மூன்று வயது வரை கிளிபோற் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒருநாள் திடீரெனத் திக்கத் தொடங்குகின்றது. "ப... ப... ப... பந்து" என்று அது தவிப்பதைக் கண்டு தாய் கலங்குகின்றாள். பாட்டி வசம்பை உரைத்து நாவிலே தடவுகின்றாள். "அவசரப்படாமல் யோசித்துப் பேசு" என்று தந்தை அதட்டுகின்றார். தமையன் அதே போலப் பேசிக் காட்டிச் சிரிக்கின்றான். தமையனின் கேலியை விடுத்தால் ஏனையவை அன்பினாற் செய்யப்படுபவையே. ஆயினும் இவற்றுள் எதுவும் பிள்ளைக்கு உதவுவதில்லை. திக்குதல் நாவின் குறையன்று. வசம்பு அங்கே என்ன செய்யும்?

நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐவர், 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில், சில காலம் திக்கிப் பேசுகின்றனர். அவர்களுள் நால்வரில் மூவரளவினர் காலப்போக்கிலே தேறிவிடுகின்றனர். எஞ்சியோருள் ஆண்பிள்ளைகளே அதிகம். குடும்பத்தில் வளர்ந்தபின்னும் திக்கிப் பேசுவோர் இருப்பின், பிள்ளைக்கு அது நீடித்தல் கூடும்.

எல்லாத் தடுமாற்றமும் திக்குதல் ஆகாது. "அம்மா, அம்மா, நான்... நான் கடைக்கு..." என்று முழுச் சொல்லையே இருமுறை சொல்வது, பேசப் பழகும் பருவத்து இயல்பு. சொல்லின் முதலெழுத்தையே பலமுறை சொல்லுதல், "ம்ம்ம்மாமா" என நீட்டுதல், வாய் திறந்தும் ஒலி எழாது நிற்றல் ஆகியனவே கவனிக்கத்தக்கவை. அவ்வேளையில் கண்களை இறுக மூடுதல், காலை உதைத்தல், சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கையாற் காட்டுதல் ஆகியன சேர்ந்தால், பிள்ளை தன் இடர்ப்பாட்டை உணர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொரு விந்தை. பேச்சிலே திக்கும் பிள்ளை தேவாரத்தைத் தங்குதடையின்றிப் பாடும். பூனையுடன் சரளமாகக் கதைக்கும். இதனைக் கண்டு, "வேண்டுமென்றே செய்கிறான்" என்று தண்டிப்போர் உளர். பாட்டில் திக்காமை இக்குறையின் இயல்பே. பிள்ளையின் பாசாங்கு அன்று.

பெற்றோரின் கண்டிப்பே இதற்குக் காரணம் என்று ஒருகாலத்தில் அறிஞர் சிலர் கருதினர். அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில், தாமும் திக்கிப் பேசியவரான வெண்டெல் ஜோன்சன் என்பாரின் மேற்பார்வையில், 1939ஆம் ஆண்டு அநாதைப் பிள்ளைகள் 22 பேரைக்கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. நன்றாகப் பேசிய சிலரிடம், "நீ திக்குகின்றாய்" என்று ஓயாது சொல்லப்பட்டது. அவர்கள் திக்குவாயர் ஆகிவிடவில்லை. ஆனால் வாய் திறக்கவே கூசினர். 2001ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. பெற்றோர் திக்குதலை உண்டாக்குவதில்லை என்பதே இன்றைய முடிபு. பரம்பரையும், மூளை பேச்சை இயக்கும் விதமுமே பெரிதும் காரணங்களாம். ஆகவே எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. கூச்சத்தை உண்டாக்குவதும் நீக்குவதுமே நம் கையில் உள்ளன.

பிள்ளை பேசும்போது அதன் முகத்தைப் பாருங்கள். சொல்லை நீங்கள் முடித்துக் கொடாதீர்கள். நிதானமாகப் பேசும்படி கட்டளையிடுவதிலும், நீங்களே நிதானமாகப் பேசுவது நன்று. விருந்தினர் முன் பாட்டுச் சொல்லுமாறு வற்புறுத்த வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிடமாயினும் அப்பிள்ளையோடு தனித்திருந்து கதையுங்கள். அது வருந்தினால், "அந்தச் சொல் கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டது, இல்லையா? பரவாயில்லை" என்று ஆறுதல் கூறலாம். காணாதது போல வீட்டார் எல்லோரும் வாய்மூடியிருப்பதும் பிள்ளைக்கு அச்சமூட்டும்.

ஆறு மாதத்திற்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை பேச அஞ்சினாலோ, தேறிவிடும் என்று காத்திராது பேச்சுச் சிகிச்சையாளரை நாடவேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடத்தில் இத்துறையினர் பயிற்றப்படுகின்றனர். அவுஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில், சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு பெற்றோரே வீட்டில் நாள்தோறும் பயிற்சியளிக்கின்றனர்.

பாலர் வகுப்பு ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. வாசிப்புப் பாடத்தில் இப்பிள்ளையைத் தனியே எழுப்பி நிறுத்தாது, இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க விடுங்கள். இருவர் குரலும் ஒன்றாக எழும்போது திக்குதல் பெரும்பாலும் மறைந்துவிடும்.