டாங் மீன் வாங்கப் போறீங்களா? விலையை விட ரிஸ்க்கை முதல்ல பாருங்க!

போனஸ் பணத்தில் வீட்டில் கடல்நீர் அக்வேரியம் வெச்சாச்சு, இரண்டு க்ளவுன் மீனும் விட்டாச்சு. அடுத்து கண் போறது டாங் மீன் மேலதான். கடைக்காரர் விலையைச் சொல்வார். நீங்க கேட்க வேண்டிய கேள்வி வேற: "இந்த மீன் நோயோட வந்தா, எனக்கு மொத்தம் எவ்வளவு நஷ்டம்?"

ஒரு உதாரணக் கணக்கு. புது டாங் ₹6,000. தொட்டியில் ஏற்கெனவே ₹14,000-க்கு மீன்கள் இருக்குன்னு வெச்சுக்கலாம். இப்போ நீங்க ரிஸ்க் எடுக்கிறது ₹6,000 இல்லை, ₹20,000.

ஏன் அப்படி?

டாங் மீன்களுக்கு அதிகம் வர்ற பிரச்சினை 'மரைன் இக்' எனும் வெள்ளைப்புள்ளி நோய். இந்த ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் ஒட்டிப் பெருகி, அடுத்த மீனைத் தேடி வரும். இதற்கான காப்பர் மருந்தை மெயின் டேங்கில் ஊத்த முடியாது. பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துடும். எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியைச் சுமார் 76 நாள் மீன் இல்லாம விடணும். மீனே இல்லாத தொட்டிக்கு இரண்டரை மாசம் சில்லர், மோட்டார், கரண்ட் பில்!

எந்த டாங் தாங்கும்?

• யெல்லோ டாங், ஸ்கோபாஸ் டாங்: ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்ல தேர்வு. சுமார் 20 செ.மீ. வளரும். 4 அடி நீளத் தொட்டியாவது வேணும்.

• கோலே டாங், டொமினி டாங்: இன்னும் கொஞ்சம் சின்னது. கல்லில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும்.

• பவுடர் ப்ளூ டாங்: நம்ம இந்தியப் பெருங்கடல் மீன்தான், அழகுக்குக் குறைவே இல்லை. ஆனா இக் சீக்கிரம் பிடிக்கும். முதல் டாங்காக வேண்டாம்.

• ப்ளூ டாங்: 'ஃபைண்டிங் நீமோ' டோரி. இதுக்கும் இக் சுலபமா வரும். 30 செ.மீ. வரை வளரும் என்பதால் 6 அடித் தொட்டி கேட்கும்.

தாங்கும் மீன் என்றால் நோயே வராதுன்னு அர்த்தமில்லை. வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த யெல்லோ டாங் கிடைச்சா, கூடுதல் விலை கொடுக்கலாம். 2015-ல் ஹவாயில்தான் முதன்முதலா இதைச் சாதிச்சாங்க. இந்த மீன்கள் தொட்டி வாழ்க்கைக்கும் பெல்லட் தீவனத்துக்கும் பழகினவை. கடலில் பிடித்த மீனைவிட ஒட்டுண்ணியோட வரும் வாய்ப்பும் குறைவு.

கடையில் செய்ய வேண்டிய ஆடிட்

1. உங்க கண் முன்னாடி சாப்பிடச் சொல்லிப் பாருங்க. சாப்பிடலைன்னா வாங்காதீங்க.
2. வயிறு ஒட்டி, முதுகு மெலிஞ்சிருந்தா வேண்டாம்.
3. வேகமா மூச்சு வாங்குதா, கல்லில் உடம்பைத் தேய்க்குதா, வெள்ளைப் புள்ளி இருக்கா பாருங்க. பக்கத்துத் தொட்டிகளையும் பாருங்க. பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணிதான் சுத்தும்.
4. இன்னைக்கு வந்திறங்கின மீனை இன்னைக்கே தூக்காதீங்க. அட்வான்ஸ் கொடுத்து, ஒரு வாரம் கழிச்சு எடுங்க.

இதுதான் உங்க இன்ஷூரன்ஸ் பிரீமியம்

தனியா ஒரு குவாரண்டைன் தொட்டி வைங்க: சாதா கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிஞ்சுக்க பிவிசி பைப் துண்டு. மணலும் பவளமும் வேண்டாம். புது மீனை ஒரு மாசமாவது அதில் வெச்சுக் கவனிங்க. ₹4,000 ஆகுதுன்னு வெச்சாலும், காப்பாத்துறது ₹20,000. அடுத்தடுத்து வாங்கும் மீனுக்கும் இதே தொட்டிதான், மறுபடி செலவில்லை.

டாங் நல்லா கவனிச்சா பத்து வருஷத்துக்கு மேலயும் வாழும். அதனால தீவனம், உப்பு, கரண்ட் மூணையும் மாச பட்ஜெட்டில் தனி வரியா எழுதுங்க. அந்த வரியைப் பார்த்துக் கை நடுங்கினா, இப்போதைக்கு க்ளவுன் மீனே போதும். கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டு மட்டும் டாங் வாங்காதீங்க; மீன் போயிட்டாலும் இஎம்ஐ போகாது!