முடி கூறும் சான்று

உடலுக்குள் சென்ற நச்சுப் பொருளின் தடயத்தை இரத்தமும் சிறுநீரும் நெடுநாள் வைத்திருப்பதில்லை. ஹெராயின் போன்ற போதைப் பொருள்களின் எச்சம் சிறுநீரில் பெரும்பாலும் சில நாட்களே தங்கும். முடியோ அதனை மாதக்கணக்கில் காத்து வைக்கிறது. போதைப் பழக்கத்தை அறிய உதவும் இப்பண்பே, ஹவுரா உள்ளிட்ட மேற்கு வங்காள மாவட்டங்களில் குடிநீர் வழி நேர்ந்த ஆர்செனிக் நஞ்சேற்றத்தை அளவிடவும் துணைபுரிந்துள்ளது.

சோதனையின் அடிப்படை

மயிர்க்காலில் முடி உருவாகும்போது, இரத்தத்திலுள்ள பொருள்கள் அதனுள் சேர்ந்துவிடுகின்றன. தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். எனவே, தலைத்தோலை ஒட்டி வெட்டிய 3 செ.மீ. முடி சுமார் மூன்று மாத வரலாற்றைக் கூறும். 1979-இல் அமெரிக்காவில் பாம்கார்ட்னர் குழுவினர் முடியில் அபின் வகைப் பொருள்களைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். ஆர்செனிக்கைப் பொறுத்தவரை, முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் கந்தகத்தோடு அது எளிதில் பிணைந்துகொள்கிறது.

வங்காளத்தின் அனுபவம்

1983-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாகா, கிராம மக்களின் தோலில் தோன்றிய கருமைக்கும் உள்ளங்கைத் தடிப்புக்கும் குழாய்க் கிணற்று நீரிலிருந்த ஆர்செனிக்கே காரணம் எனக் கண்டார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் தீபங்கர் சக்கரவர்த்தி குழுவினர் நீரோடு முடி, நகம், சிறுநீர் ஆகியவற்றையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை என அவர்கள் வகைப்படுத்திய ஒன்பது மாவட்டங்களுள் ஹவுராவும் ஒன்றாகும்.

இச்சோதனையில் முடி கழுவி உலர்த்தப்பட்டு, நைட்ரிக் அமிலத்தில் கரைக்கப்படுகிறது. அதிலுள்ள ஆர்செனிக் ஆர்சைன் வாயுவாக மாற்றப்பட்டு, அணு உறிஞ்சு நிறமாலைமானியால் அளக்கப்படுகிறது. முடியில் கிலோகிராமுக்கு 0.08 முதல் 0.25 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 1 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது நஞ்சேற்றத்தின் அறிகுறி எனக் கொள்ளப்படுகிறது. தோலில் குறியேதும் தோன்றாதவர்களின் முடியிலும் மிகுதியான ஆர்செனிக் காணப்பட்டது. நோய் வெளிப்படுமுன்பே எச்சரிக்கை கிடைக்கிறது. தோல் மாற்றத்தைத் தொழுநோயென எண்ணி நோயாளிகளை ஒதுக்கி வைத்த கிராமங்களில், குற்றம் தொற்றில் இல்லை, நீரில்தான் உள்ளது என்பதற்கும் இது சான்றாயிற்று.

எல்லைகள்

முடியின் சாட்சியம் முழுமையானதன்று. ஆர்செனிக் கலந்த நீரில் தலை குளித்தால் நஞ்சு வெளியிலிருந்தும் முடியில் படியும்; கழுவினாலும் முற்றாக நீங்காது. ஆதலால் சிறுநீரும் நகமும் உடன் சோதிக்கப்படுகின்றன. போதைப் பொருள் ஆய்விலும் இதே இடர் உண்டு. பிறர் விட்ட புகையும் முடியில் படியக்கூடும். உடல் அப்பொருளைச் சிதைத்து உருவாக்கும் வேதிப் பொருளும் முடியில் இருந்தால்தான், அதனை உட்கொண்டதாகத் துணிந்து கூறலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆம் பிரிவு, கைதானவரின் மருத்துவப் பரிசோதனையில் முடி மாதிரியையும் சேர்த்துள்ளது. ஆகவே இவ்வெல்லைகளை அதிகாரிகள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

திட்டங்களுக்கு ஓர் அளவுகோல்

குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பாதுகாப்பான நீர் கிடைத்த பின் புதிதாக வளரும் முடியில் ஆர்செனிக்கின் அளவு குறைகிறது. குழாய் பதித்த தூரத்தையும் செலவிட்ட தொகையையும் கோப்புகள் கூறும். அந்த நீர் மக்களை உண்மையில் காத்ததா என்பதை முடி கூறும்.