கரண்ட் போனால் ஹால் குளமாகுமா? பெரிய மீன் தொட்டிக்கு 'சம்ப்' அமைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ராத்திரி 2 மணிக்கு கரண்ட் போகிறது. ஃபேன் நின்றதும் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். காலையில் எழுந்து ஹாலில் கால் வைத்தால், சில்லென்று தண்ணீர்! மீன் தொட்டி உடையவில்லை, குழாயும் ஒழுகவில்லை. ஆனாலும் தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப் நிரம்பி, தண்ணீர் சோஃபா வரை போயிருக்கிறது.

வீட்டில் பெரிய மீன் தொட்டி வைத்து, அதற்கு சம்ப் அமைப்பவர்களுக்கு நடக்கும் வழக்கமான விபத்து இது. பம்ப் ஓடும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பம்ப் நிற்கும்போதுதான் பிளம்பிங்கில் இருக்கும் குறை வெளியே வரும். இதைத் தடுப்பது எப்படி? எளிமையாகப் பார்க்கலாம்.

சம்ப் என்றால் என்ன?

பெரிய தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் மறைவாக வைக்கப்படும் இன்னொரு சின்ன தொட்டிதான் சம்ப். மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் குழாய் வழியாகத் தானாகக் கீழே இறங்கும். சம்பில் முதலில் துணிப்பை அல்லது ஸ்பாஞ்ச் அழுக்கைப் பிடிக்கும். அடுத்த அறையில் இருக்கும் செராமிக் வளையங்களில் வாழும் பாக்டீரியாக்கள், மீன் கழிவில் வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். கடைசி அறையில் இருக்கும் 'ரிட்டர்ன் பம்ப்' அந்தத் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும்.

இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. தண்ணீர் கீழே இறங்குவது புவியீர்ப்பு விசையால். மேலே ஏறுவது மட்டும்தான் கரண்டால்.

கரண்ட் போனால் என்ன நடக்கும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சென்னை கொளத்தூர் மாதிரி வண்ண மீன் சந்தைகளில் பலரும் கேட்டு வாங்கும் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். சுமாராக 120 x 60 x 60 செ.மீ. விளிம்பிலிருந்து 5 செ.மீ. விட்டு நிரப்பினால் கிட்டத்தட்ட 400 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இதில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 7.2 லிட்டர் கீழே போய்விட்டது என்று அர்த்தம்.

பம்ப் நின்றதும், மேலே தண்ணீர் விட்ட அதே ரிட்டர்ன் குழாய், டியூப் போட்டு உறிஞ்சியதுபோல் தண்ணீரைக் கீழே இழுக்க ஆரம்பிக்கும். இதுதான் 'சைஃபன்'. குழாயின் வாய்க்குள் காற்று நுழையும் வரை இது நிற்காது. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இருந்தால் 108 லிட்டர் கீழே வரும். அதுவே 2 செ.மீ. கீழே இருந்தால் சுமார் 14 லிட்டர்தான்.

இப்போது சம்பைப் பாருங்கள். 75 x 40 x 40 செ.மீ. சம்பின் மொத்தக் கொள்ளளவு 120 லிட்டர். பம்ப் ஓடும்போது அதில் சராசரியாக 22 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 66 லிட்டர். மீதி இடம் 54 லிட்டர். 14 லிட்டரும், குழாய்களில் நிற்கும் சில லிட்டரும் வந்தால் தாராளமாகத் தாங்கும். 108 லிட்டர் வந்தால்? பாதிக்கு மேல் ஹாலுக்குத்தான்!

தீர்வு என்ன?

முதல் வேலை, ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே வைப்பது. குழாயை ஆழமாக விட்டே ஆக வேண்டும் என்றால், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே அந்தக் குழாயில் 3 அல்லது 4 மி.மீ. அளவில் ஒரு ஓட்டை போட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பாசி அடைத்தால் ஓட்டை இருந்தும் பயனில்லை. அதனால் தொட்டியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் இதையும் குத்திவிடுங்கள்.

"நான் ரிட்டர்ன் வால்வு போட்டால் போதாதா சார்?" என்று பிளம்பர் கேட்பார். போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஒரு சின்ன நத்தையோ, செடியின் இலையோ இடையில் சிக்கினால் வால்வு முழுசாக மூடாது. அது நமக்குத் தெரிய வருவது கரண்ட் போகும் அன்றைக்குத்தான்.

இறங்கும் குழாய் ஒன்று போதுமா?

போதாது. இரண்டு வைப்பதுதான் பாதுகாப்பு. 'ஹெர்பி முறை' என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். முதல் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும். அதில் ஒரு கேட் வால்வு வைத்து, காற்று புகாமல் முழுக் குழாயும் தண்ணீராக ஓடும்படி மெதுவாகத் திருகி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். இப்படிச் செய்தால் 'களக் களக்' சத்தமும் இருக்காது. இரண்டாவது குழாயின் வாய் அதைவிட உயரத்தில் இருக்கும். முதல் குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் உயர்ந்து இதன் வழியாக இறங்கிவிடும். இந்த அவசரக் குழாயில் எந்த வால்வும் போடவே கூடாது.

இரண்டும் ஒரே நேரத்தில் அடைத்தால்? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பம்ப் இருக்கும் கடைசி அறை 20 செ.மீ. நீளம் என்றால், அதில் நிற்பது சுமார் 18 லிட்டர். அத்தனையும் மேலே ஏறினாலும் தொட்டியில் இரண்டரை செ.மீ.தான் உயரும். விளிம்பில் 5 செ.மீ. விட்டிருப்பதால் தண்ணீர் வழியாது. பம்ப் அறை சின்னதாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பம்ப் எவ்வளவு பெரியது வேண்டும்?

நன்னீர் தொட்டிக்கு, மணிக்கு 5 முறை தண்ணீர் சுற்றினால் நல்லது. 400 லிட்டருக்கு மணிக்கு 2,000 லிட்டர். ஆனால் பெட்டியில் '2,000' என்று போட்ட பம்பை வாங்கினால் ஏமாந்துபோவோம். அந்த எண், உயரமே ஏற்றாமல் ஓடும்போது கிடைக்கும் அளவு. பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரத்தில் தண்ணீர் வரத்து பூஜ்யம். சம்ப் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை ஒன்றேகால் மீட்டர் ஏற்ற வேண்டும் என்றால், 3 மீட்டர் உயரத் திறனும் 4,000 லிட்டர் அளவும் உள்ள பம்ப் சரியாக இருக்கும். ஒவ்வொரு எல்போவும் வேகத்தைக் குறைக்கும். வளைவுகள் குறைவாக இருக்கட்டும்.

பம்புக்கு மேலே ஒரு யூனியனும், ஒரு பால் வால்வும் வையுங்கள். யூனியன் இருந்தால் குழாயை அறுக்காமல் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

வேலை தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* டெம்பர்டு கண்ணாடியில் ஓட்டை போடவே முடியாது, சிதறிவிடும். தொட்டி செய்யச் சொல்லும்போதே எங்கே ஓட்டை வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.
* டேங்க் நிப்பிளைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடலாம்.
* பி.வி.சி. சொல்யூஷன் ஒட்டிய பிறகு ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, நன்றாக அலசிவிட்டுத்தான் மீனை விட வேண்டும்.
* பம்ப் ஒயர் பிளக்குக்கு நேராகப் போகாமல், ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழேயே சொட்டிவிடும். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். தண்ணீருக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.
* தண்ணீர், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் எடை அரை டன்னைத் தாண்டும். மாடி வீடு என்றால் பொறியாளரிடம் கேட்டுவிட்டு வைப்பது நல்லது.
* கரண்ட் இல்லாத நேரத்தில் மீன்களுக்கு மூச்சு முட்டாமல் இருக்க, ஒரு சின்ன ஏர் பம்பை இன்வெர்ட்டரில் இணைத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு டெஸ்ட்!

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். மீன் விடும் முன், வெறும் தண்ணீரில் அமைப்பை ஓடவிட்டு, பம்ப் சுவிட்சை நீங்களே ஆஃப் செய்யுங்கள். இறங்கும் தண்ணீர் நிற்கும் வரை பக்கத்திலேயே இருந்து பாருங்கள். சம்ப் வழியவில்லை என்றால், பம்ப் ஓடும்போது பம்ப் அறையில் நிற்கும் நீர்மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். ஆவியாகும் தண்ணீர் அந்த அறையில்தான் குறையும். தினமும் ஊற்றும்போது அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பிறகு முதல் குழாயை மூடிவிட்டு, அவசரக் குழாய் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு டெஸ்ட்டிலும் பாஸ் ஆகிவிட்டால், ராத்திரி கரண்ட் போனாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.